கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல்

ஜூலை 8, திங்கள்
காற்று. கவுன்டரில் எந்தத் தாளை வைத்தாலும் மேலே கல் வைக்க வேண்டியிருக்கிறது. கோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம்: நம் அஞ்சலகக் கட்டடத்தின் வரலாறு, அளவுகளோடு ஒரு பக்கம், வெள்ளிக்குள். ஒழுகும் கூரைக்கு நான் எழுதியதற்கெல்லாம் பதில் இல்லை. வரலாறு மட்டும் அவசரமாம். ஏதோ இருக்கிறது.

தபால்காரர் முருகேசனோடு டேப் பிடித்தேன். நீளம் 32 அடி. சுவர்க் கனம் ஒன்றரை அடி, சுண்ணாம்புக் காரை. தேக்கு உத்திரம் ஐந்து, ஒன்றில் கரையான். வெளியே கிழக்குச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த சின்ன ஜன்னல். என் முழங்கால் உயரம்தான்.

"காத்துக்கு வெச்சிருப்பாங்க மேடம்" என்றார் மு. முழங்காலுக்கு எதற்குக் காற்று?

வாங்க வேண்டியது: ஸ்டாம்ப் மை, கொத்தமல்லி.

ஜூலை 9, செவ்வாய்
கட்டட ஓனருக்குப் போன். "அது தண்ணி போற ஓட்டைங்க." தண்ணீர் போக மரச்சட்டமும் கீலும் எதற்கு? மாலையில் பாப்பாரப்பட்டி போய் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். "தபால் பெட்டி பதிச்ச எடம்மா." சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். ஒரே ஜன்னலுக்கு மூன்று வேலை. மூன்று பேரும் பொய்.

சாப்பாட்டை இன்றும் மறந்தேன். அப்பா மொபெட்டில் கொண்டுவந்தார். வழக்கம்போலக் கிழக்குச் சந்தில் நின்று ஹாரன். நான் இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருடம், ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. கேட்டால், "கால்ல மண்ணும்மா." மு.வோடு ஏதாவது சண்டையா? விசாரிக்க வேண்டும்.

ஜூலை 10, புதன்
காலையிலேயே ஒரு கொத்தனார், சிமென்ட், மணல். கிழக்குச் சுவரை மட்டும் பூச வேண்டுமாம், ஓனர் சொன்னாராம். நேற்று கேட்டேன், இன்று சிமென்ட்! வெள்ளி வரை கை வைக்கக் கூடாது என்று சந்தில் நின்று கத்தினேன்.

அப்போதுதான் அப்பா சாப்பாட்டோடு வந்தார். "பூசட்டும் வுடும்மா."

"அது என்னன்னு தெரியுமாப்பா?"

"நம்ம ஜன்னல்."

கொத்தனார் டீ குடிக்கப் போனதும் சொன்னார். "காலனி ஜனம் ஆபீசுக்குள்ள வரக்கூடாது. பெங்களூருக்குக் கல்லு ஒடைக்கப் போன எங்கண்ணன் கடுதாசி போடுவான். இங்க குந்திக்கிட்டு கைய நீட்டணும். கையில போடுவாங்க. போட்டது யாருன்னு மொகம் பாத்ததில்ல."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ உள்ள ஒக்காந்து வேலை பாக்கற. அத எதுக்குக் கெடுக்கணும்?"

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். இது மட்டும் தோன்றவே இல்லை.

ஜூலை 11, வியாழன்
லேசான தூறல். கிழக்குச் சுவரை மறைத்திருந்த பீரோவை நகர்த்தி உள்பக்கம் அளந்தேன். ஜன்னல் சரியாக என் நாற்காலிக்குப் பக்கத்தில். இத்தனை நாளும் அதன் அருகேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓனர் நேரில் வந்தார், கையில் மாம்பழப் பை. "பழைய கதை எதுக்குங்க மேடம்? நானா வெச்சேன்? ஆபீச காலி பண்ணச் சொன்னா உங்களுக்குத்தானே அலைச்சல்." பையை வாங்கவில்லை. மிரட்டுகிறாரா, பயப்படுகிறாரா? இரண்டும்தான்.

எழுதினேன்: அகலம் 10 அங்குலம், உயரம் 12. 'பயன்' என்ற இடத்தில் பேனா நின்றது. 'காற்றோட்டம்' என்று எழுதி அடித்தேன். மறுபடி அதையே எழுதி அடித்தேன். இப்போது என் மேலேயே சந்தேகம்.

ஜூலை 12, வெள்ளி
எழுதிவிட்டேன். பயன்: காலனி மக்களை உள்ளே விடாமல் தபால் கொடுக்க. தகவல் தந்தவர்: அப்பாவின் பெயர். அவர் கையெழுத்து வேண்டும்.

ஒரு மணிக்கு ஹாரன். போகவில்லை. மறுபடி ஹாரன். போகவில்லை. மு. தானாக எழுந்து வாசலுக்குப் போனார். "உள்ள வாங்கண்ணா. மேடம் கூப்புடறாங்க." இவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். என் நாற்காலியைக் கொடுத்தேன். விளிம்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், பெரிய எழுத்தில். பிறகு பீரோ இருந்த இடத்தைப் பார்த்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டு கையை நீட்டினார். அடைத்த செங்கல்லில் விரல் பட்டது.

"ஒக்காந்த எடத்துலயே எட்டுது" என்றார். "அவங்க எந்திரிக்கக்கூட வேண்டியதில்ல."

தபால் பை இன்று பத்து நிமிடம் தாமதம்.