வேலிக்கு எந்தப் பக்கம் படுப்பது

ஹேசல் ஓடை, கென்டக்கி
1846 ஏப்ரல், மழை விட்ட ஒரு திங்கட்கிழமை

அருமை மகள் தபீத்தாளுக்கு உன் அப்பன் ஹிராம் எழுதுவது. நான் இன்னும் சாகவில்லை, கழுதையும் சாகவில்லை, இரண்டு பேருக்கும் முழங்கால் வலி மட்டும்தான். அங்கே ஐயோவாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். எந்தப் பக்கத்து ஆண்டவரை என்று கேட்காதே, இங்கே அவரையும் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை புதுசாகப் பன்றி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம், வீட்டில் யாராவது ஒருவர் அவர் பேச்சைக் கேட்கட்டும்.

உங்கம்மாவைப் போன டிசம்பரில் கோவிலுக்குப் பின்னால் கடைசி வரிசையில் புதைத்ததை எழுதியிருந்தேன். அவளுக்குத் தெற்கே ஒரு ஆள் படுக்கிற இடத்தை எனக்கென்று விட்டு, குச்சி நட்டு வைத்திருந்தேன். வடக்கே இடமில்லை, அங்கே தோல் பதனிடுகிற ஸ்ட்ராக்கின் அம்மா படுத்திருக்கிறாள், உயிரோடு இருந்தபோதும் அந்த அம்மாள் யாருக்கும் நகர்ந்து இடம் கொடுத்ததில்லை. கோவிலில் ஆண்கள் தெற்கே, பெண்கள் வடக்கே என்று நடுவில் கட்டை போட்டு எங்களை ஆயுசுக்கும் பிரித்துத்தானே உட்கார வைத்தார்கள், அப்போதெல்லாம் உங்கம்மா சொல்வாள், இருக்கட்டும் மனுசா, செத்தப்புறம் பக்கத்துல படுத்துக்கலாம், அங்க எவன் வந்து கட்டை போடுறான்னு பாக்கலாம் என்று. போட்டுவிட்டான்கள், தபீத்தா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கேள். எங்கேயோ பெரிய ஊரில் பெரிய அங்கிக்காரர்கள் கூடி, அடிமை வைத்திருப்பவன் பிஷப்பாக இருக்கலாமா கூடாதா என்று தொண்டை கட்டும்வரை கத்தி, கடைசியில் மெதடிஸ்து சபையையே கூடாது என்கிற வடக்கு, இருக்கலாம் என்கிற தெற்கு என்று பிளந்தார்கள். இரண்டுக்கும் எல்லையான ஆற்றோரத்து ஊர்கள் எந்தப் பக்கம் என்று அந்தந்த ஊரே கைதூக்கிச் சொல்லட்டுமாம். நம் ஊரில் தெற்குக்குத் தலைவர் கர்னல் ஆம்ப்ளர். எந்தச் சண்டைக்கும் போகாத கர்னல், குதிரை தள்ளிவிட்டதுதான் அவர் பட்ட ஒரே காயம். வடக்குக்குத் தலைவர் நம் ஸ்ட்ராக். அடிமைத்தனம் பாவம், மகாபாவம் என்று கைக்குட்டை நனைய அழுவார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, கர்னலிடம் வருஷ வாடகைக்கு எடுத்த கறுப்பு ஆட்களைத் தோல் தொட்டியில் இறக்கி வேலை வாங்கப் போய்விடுவார்.

கை தூக்கினார்கள், இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக வந்து நின்றது. உடனே கர்னல் மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்த தன் அடிமைகளைக் காட்டி, அவங்களும் சபைதானே, அவங்க கையெல்லாம் என் கணக்கு என்றார். ஸ்ட்ராக் குதித்தாரே பார், அவங்க எப்படி ஆள் கணக்குல வருவாங்க என்று. அடிமைக்காக அழுகிற மனிதர் கேட்ட கேள்வி இது! மேலே இருந்தவர்களிடம் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பிறகு எல்லோரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள், கை தூக்காதவன் நான் ஒருத்தன்தானே. நான் எழுந்து, எங்க வீட்ல இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் முடிவு பண்றது அவதான், பின்னால படுத்திருக்கா, போய்க் கேட்டுட்டு வாங்க என்றேன். மாடத்தில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

அதற்கப்புறம் இரண்டு தலைவர்களும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள், கோவிலைப் பிளப்பதில். ஆண் பெண் கட்டை இருந்த இடத்திலேயே கூரைவரைக்கும் பலகைச் சுவர். ஆண்கள் பக்கம் தெற்குச் சபைக்கு, பெண்கள் பக்கம் வடக்குச் சபைக்கு. குளிர்காயும் அடுப்பு வடக்கே மாட்டிக்கொண்டது, புகைபோக்கி தெற்கே. எங்கள் குழாயில் உங்கள் புகை வரக்கூடாது என்று கர்னல் குழாயைக் கழற்றிக்கொண்டார். அதனால் ஞாயிறுதோறும் தெற்கே குளிரில் பல் அடித்துக்கொள்கிறது, வடக்கே புகையில் இருமுகிறார்கள். இரண்டு பிரசங்கியாரும் ஒரே நேரத்தில் குதிரையில் வந்து இறங்கி, ஒரே பாட்டை, ஒருத்தரை ஒருத்தர் அமுக்குவதற்காகக் கத்திப் பாடுகிறார்கள். நான் வெளியே கழுதையோடு உட்கார்ந்து கேட்கிறேன். மூன்று பேரில் கழுதைக்குத்தான் சுருதி சேர்கிறது.

அதோடு விட்டார்களா. அந்தச் சுவரின் நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்திலும் வேலி போட்டார்கள். குழி வெட்டுகிற ஐசம்தான் கம்பம் நட்டான். கர்னலின் அடிமை, உங்கம்மாவுக்குக் குழி வெட்டியவனும் அவனே. கம்பத்தை நிமிர்த்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டான், பெரியவரே, கம்பம் சரியா உங்க இடது தோள்ல இறங்குது, படுத்தா உறுத்தும் என்று. ஆக உங்கம்மா வடக்குச் சபை, என் குச்சி தெற்குச் சபை. அன்று சாயங்காலமே ஸ்ட்ராக் வந்து, எங்க பட்டியல்ல ஒரு கையெழுத்துப் போடு ஹிராம், வேலியை ஓரடி நகர்த்திடுறேன் என்றார். மறுநாள் கர்னல் வந்து, எனக்குப் போடு, உன் பெண்சாதியைச் சுத்தி வேலியை வளைச்சிடுறேன் என்றார். என் கை ஒன்று வந்தால் முழுக் கோவிலும் தன் பக்கம் சாயும் என்ற ஆசை. நான் ஸ்ட்ராக்கிடம், உங்க அம்மாவை ஓரடி நகர்த்துங்க, அது போதும் என்றேன். கர்னலிடம், வளைக்கிறதுக்கு உங்க முதுகெலும்பு மாதிரி வேலிதான் வேணும், மரம் வளையாதே என்றேன். இரண்டு பேரும் இப்போது என்னோடு பேசுவதில்லை, காது நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் மகளே, வாய் ஜெயித்ததே தவிர இடம் கிடைக்கவில்லை. வேலியை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து பார்த்தேன். உங்கம்மாவின் கால்மாட்டோடு அது நின்றுவிடுகிறது. அதற்குக் கிழக்கே சரிவில் கறுப்பர்களின் புதைகாடு, பெயரில்லாத கற்கள். அதைப் பங்கு போட வடக்கும் வரவில்லை, தெற்கும் வரவில்லை. கைக்கணக்குக்கு அத்தனை இழுபறி, எலும்பை எடுத்துக்கொள்ள ஆளில்லை. நான் ஐசமிடம், அங்கே என் கீசியாவின் காலடியில் எனக்கு ஒரு இடம் கிடைக்குமா என்றேன். அவன் சிரிக்கவில்லை. அது என்னோட இடம் இல்ல, சூக்கியைக் கேளுங்க என்றான். உனக்கு அவளைத் தெரியும், கர்னல் வீட்டுச் சமையல்காரி, மாடத்தில் ஜெபம் நடத்துகிறவள்.

போய்க் கேட்டேன். வழக்கம்போல் வேடிக்கையாக, உங்க மாடத்துப் பாட்டைக் கேட்டுட்டே படுத்திருக்கலாம்னு ஆசை என்றேன். அவள் மாவு பிசைகிற கையை நிறுத்தாமல், என் ரெண்டு புள்ளைங்க அங்க கிடக்கு, மூணாவது எந்த மண்ணுல கிடக்குன்னு கர்னலுக்குத்தான் தெரியும், ஆத்து வழியா வித்தவரு அவருதானே, நீங்க செத்தா எங்க படுக்கிறதுன்னு கவலைப்படுறீங்க, நாங்க அடுத்த வருஷம் எந்த ஊர்ல நிப்போம்னே தெரியாது என்றாள். நான் தொப்பியைக் கழற்றினேன். அப்பன் ஒருத்தர் முன்னால் தொப்பி கழற்றிய நாளை நீ பார்த்ததில்லையே, வந்திருந்தால் பார்த்திருக்கலாம். கலந்து பேசிட்டுச் சொல்றோம், போங்க என்றாள்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை எனக்குச் சோளரொட்டி இறங்கவில்லை. கர்னலும் ஸ்ட்ராக்கும் வீடு தேடி வந்து கொடுத்ததைத் துப்பினவன், ஒரு சமையல்காரியின் சொல்லுக்குக் கொல்லைப்புற வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சூக்கி வந்தாள். கர்னல் அந்தச் சரிவுல புகையிலை போடப்போறாராம், கல்லெல்லாம் பெயர்த்துட்டு உழச் சொல்லியாச்சு, ஒரு வெள்ளைக்காரன் எலும்பு பேரோட அங்க கிடந்தா கலப்பை இறக்க யோசிப்பாரு, அதுக்காகத்தான் வாங்க, உங்க பேச்சுக்காக இல்ல, அங்க வந்தும் பேசினீங்கன்னா திருப்பி அனுப்பிடுவோம் என்றாள். பின்னால் நின்ற ஐசம் இப்போதுதான் சிரித்தான். உங்கம்மா காலடியில் கிடப்பதுதான் எனக்குச் சரியான இடம் என்று எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்தார்களாம். இந்த ஊரில் இந்த வருஷம் ஏகமனதாக நடந்த ஒரே ஓட்டு அதுதான்.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்று. நான் செத்தால் வடக்கும் தெற்கும் என் பிணத்துக்கு அடித்துக்கொள்ளும், உயிரோடு கிடைக்காத கை அப்படியாவது கிடைக்கட்டும் என்று. ஐசம் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள். நீ உன் கையால் இரண்டு தாள் எழுதி, என் அப்பனைக் கிழக்குச் சரிவில்தான் புதைக்க வேண்டும் என்று ஒன்றைக் கர்னலுக்கும் ஒன்றைக் கோர்ட்டு எழுத்தருக்கும் இப்போதே அனுப்பு. உழவு தொடங்கும் முன் வந்து சேர வேண்டும், அவர் அவசரப்பட்டால் நானும் அவசரப்பட வேண்டியிருக்கும். கல்லில் என் பெயரைப் பெரிதாக வெட்டச் சொல்லியாயிற்று, எழுத்து கர்னலின் வயலைப் பார்த்திருக்கும். வேலியைப் பார்த்து இத்தனை நாள் சிரித்தவன், கடைசியில் நானே ஒரு வேலிக் கம்பமாக நிற்கப்போகிறேன்.

சின்னவனுக்குப் பல் முளைக்கிறதென்றால் ஈறில் தேன் தடவு, மாப்பிள்ளையின் சுருட்டுச் சாம்பல் வேண்டாம். ஈரத்தில் வெறுங்காலோடு நடக்காதே. ஆண்டவர், முழுசாக இருக்கிறவர், உங்கள் எல்லோரையும் காப்பாராக. தாள் எழுத மறந்துவிடாதே.

உங்கம்மாவின் காலடியில் இடம் பிடித்துவிட்ட
உன் அப்பன்
ஹிராம் பெட்டிகுரூ