பெட்டிக்குத் தெரியாத குளிர்

இன்று காலை ஹாலில் அந்தப் பழைய டிவியைப் போட்டதும் தூசி கருகும் வாசம் வந்தது. கூடவே எனக்கு எரிச்சலும் வந்தது. நீங்கள் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகும் அந்த வாசத்தைப் பொறுத்துக்கொள்ள நான் பழகவில்லை. சுவரில் மகள் வாங்கித் தந்த பெரிய டிவி தொங்குகிறது. அதற்குக் கீழே ஸ்டூலில் உங்கள் குண்டு டிவி, அதன் முன்னால் உங்கள் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வருகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் உட்கார இடமில்லை.

துபாய்க்கு முதல் சபர் போய்த் திரும்பிய மற்ற வீட்டு ஆண்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். கூத்தாநல்லூரில் அதுதான் வழக்கம். நீங்கள் கம்பளிக்குள் சுற்றி இதைக் கொண்டுவந்தீர்கள். கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் இருக்கிறது, டிவியில் செருகினால் போதும் என்றீர்கள். எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "என்னடி, உன் வீட்டுக்காரரு டைப்ரைட்டர் வாங்கியாந்திருக்காராமே, ஆபீஸ் வைக்கப் போறாரா?" என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"புள்ள படிக்கட்டும்" என்றீர்கள். புள்ளைக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. லீவு முடிந்ததும் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

அவள் படிக்கத்தான் செய்தாள், நீங்கள் பக்கத்தில் இல்லாமலே. உங்கள் போன் வந்திருக்கிறது என்று அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், அவளை இழுத்துக்கொண்டு ஓடுவேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் அத்தா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." அதோடு ரிசீவர் என் கைக்கு வந்துவிடும். பிறகு செல்போன் வந்தது, அவள் வேலைக்குக் கனடா போனாள், நீங்கள் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தீர்கள். உங்கள் இருவர் பேச்சும் மட்டும் அதே நாலு வார்த்தையில் நின்றது.

சும்மா இருக்கத் தெரியாமல் பரணிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கினீர்கள். இந்த மாதிரிக் கிழட்டு மிஷின்மேல் ஆசைப்பட்டவர்கள் வெளிநாட்டில் செய்து விற்கும் சின்ன அடாப்டர் ஒன்று பார்சலில் வந்தது. அதைப் பின்னால் செருகினால் வீட்டு வைஃபையிலிருந்து இதற்கும் இன்டர்நெட் வருமாம். வந்தது. திரை முழுக்கக் கோணல் குறிகளும் ஆங்கில எழுத்துகளுமாகக் கொட்டி, அப்படியே உறைந்து நின்றது.

"என்னங்க இது?"

"மேட்டூர்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு வெப்சைட்ல போடுறாங்க. அந்த நம்பர் இதுக்குள்ள எங்கயோ கிடக்கு. அதை மட்டும் பொறுக்கி எடுக்கணும்."

நமக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. குறுவைக்குத் தண்ணீர் திறந்தால் நமக்கென்ன, திறக்காவிட்டால் நமக்கென்ன? என் போனில் ஒரு தட்டுத் தட்டி அந்த நம்பரைக் காட்டினேன். "இந்தாங்க, இவ்வளவுதான். சாப்பிட வாங்க." நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெப்சைட் பக்கம் பெரியது, பெட்டியின் மெமரியில் அடங்கவில்லை. கடைசியில் மகளுக்குப் போன் போட்டீர்கள். அவளும் சலித்துக்கொண்டாள். "அத்தா, முழுசையும் வாங்கி வைக்காதீங்க. ஒவ்வொரு எழுத்தா வாங்குங்க, வேண்டாததை அங்கயே விட்டுடுங்க. நம்பருக்கு முன்னாடி ஒரு வார்த்தை வரும்ல, அது வர்ற வரைக்கும் எதையும் சேர்க்காதீங்க." அன்றைக்கு மீன் ஆணம் ஆறி அவலாகும்வரை பேசினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேச்சை இழுத்து இழுத்துக் கட்டியவள் நான். இப்போது ஒரு வார்த்தை பேச எனக்குப் போன் கிடைக்கவில்லை.

ஒருநாள் வெப்சைட்காரர்கள் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். மேட்டூரில் இரண்டாயிரத்துச் சொச்சம் அடி தண்ணீர் என்றது டிவி. தண்ணீருக்குப் பதில் வருஷத்தைப் பொறுக்கி வந்திருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நீங்களோ சந்தோஷமாகப் போனை எடுத்தீர்கள்.

அதற்குள் அவள் அடாப்டரின் மேனுவலைத் தேடிப் படித்திருந்தாள். "அத்தா, அந்த அடாப்டருக்கே பொறுக்கத் தெரியும். எது வேணும்னு கேட்டா அதை மட்டும் எடுத்துக் குடுக்கும். மூணு வரி எழுதினாப் போதும்."

"அதுவே பொறுக்கிக் குடுத்துட்டா அப்பறம் நான் எதுக்கும்மா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். "சரி, நீங்களே பொறுக்குங்க" என்றாள். "ஆனா மேட்டூரை விடுங்க அத்தா. என் ஊர்க் குளிரைப் போடுங்க."

போட்டீர்கள். எண்களை மட்டும் எடு, மற்றதெல்லாம் குப்பை என்று பெட்டிக்கு எழுதி வைத்திருந்தீர்கள். கழித்தல் குறி எண் இல்லையே, அதையும் அது தள்ளிவிட்டது. வீடியோவில் அவள் முழங்கால்வரை கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாள். நீங்கள், "பதினாலு டிகிரிதானே காட்டுது, கொடைக்கானல் மாதிரி. எதுக்கும்மா இவ்வளவு பெரிய கோட்டு?" என்கிறீர்கள்.

"மைனஸ் அத்தா! மைனஸ் பதினாலு!"

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதுவும் உங்களோடு. "நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்றீர்கள்.

மறுநாள் விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிற வழியில், ரயில்வே கேட்டில் வண்டி நின்றிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த தடவை, அடுத்த லீவு, நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போவது உங்களுக்கு எப்போதும் உள்ள பழக்கம். அதற்காக இதிலுமா?

மகள் வந்து இருந்துவிட்டுத் திரும்பும்போது கேட்டாள். "மைனஸ் வர்றதுக்கு ஒரு வரிதாம்மா, மாத்திடட்டுமா?"

"அதுல கையை வைக்காதே" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

இன்றைக்கு டிவி ஆறு என்றது. அங்கே பனி உருகத் தொடங்கும் நேரமாம், இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். பெட்டியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவளைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், வேலை முடிந்து நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஆறா, மைனஸ் ஆறா?"

"மைனஸ்தாம்மா. மூக்கு விழுந்துடும் போலிருக்கு."

"தொப்பிய இழுத்து விட்டுக்க" என்றேன். பிறகு அவள் வேலையிடத்துக் கதையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். நான் குறுக்கே பேசவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அவள் போனை வைக்கவில்லை. பேச்சுக்கு இடையில், அவள் பூட்ஸுக்கு அடியில் பனி நறுக் நறுக்கென்று மிதிபடுவது எனக்கு இங்கே கேட்டுக்கொண்டே இருந்தது.