மருந்தடிக்காத பாத்தி

நேற்றுப் பின்னேரம் எங்கள் விறாந்தையில் இருந்தது மூன்று பேர், அக்கா: நான், என் மகன், சிறைச்சாலையில் நடக்கும் போதை மறுவாழ்வு வகுப்பைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு பெண்பிள்ளை. உங்கள் மகன் கொடுத்தனுப்பிய வெங்காயம் பிடி பிடியாகக் கூரை வளைமரத்தில் தொங்கியது. மழைக்காற்றில் அதன் மணம் எழும்ப, நீங்களும் வந்து பக்கத்தில் குந்தியது போல இருந்தது.

அந்தப் பிள்ளை அறிய வந்தது ஒன்றுதான்: வகுப்புக்குப் போனவர்கள் வெளியில் வந்தபின் மறுபடி பிடிபட்டு மறியலுக்குப் போனார்களா? என் மகன் தலை குனியவில்லை. "ஓம், ஒருக்காப் போனனான். அதையும் எழுதுங்கோ" என்றான். இரண்டாந்தரம் வெளியில் வந்தபின், ஆசை எழும்பிய ஒருநாள் ஒளிக்காமல் என்னிடம் வந்து சொன்னதையும், அப்படிச் சொல்லப் பழகியது அந்த வகுப்பில்தான் என்பதையும் சொன்னான்.

நாங்கள் பழகியதே அந்த மறியல் வாசலில்தானே, அக்கா. முதல்நாள் நான் என் பிள்ளைக்குத் திருநீறு மடித்துக்கொண்டு போனேன். தூள் குடித்துப் பிடிபட்டவனுக்குப் பேப்பரில் மடித்த வெள்ளைப் பொடி! காவலர் பிரித்து மணந்து பார்த்தார். பின்னால் நின்ற நீங்கள்தான், "பூசிப் பாரும் தம்பி. தலைக்கு ஏறினால் எங்களையும் உள்ளை போடும்" என்றீர்கள். அந்த மனிசனும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பார்வை நாட்களில் சண்டிலிப்பாயிலிருந்து நீங்கள் வரும்வரை நான் வரிசையில் இடம்பிடித்து நிற்பேன்.

என் மகனுக்கு வகுப்பில் இடம் கிடைத்தது. உங்கள் மகனுக்கு இல்லையென்று விட்டார்கள். நீங்கள் அழுத அழுகை அந்தத் தெருவுக்கே கேட்டது. ஆனால் அவன் வெளியில் வந்து மண்வெட்டியைத் தூக்கியவன்தான். மற்றப் பக்கம் திரும்பவேயில்லை. பிழைவிட்டு மறுபடி உள்ளே போனது என் பிள்ளைதான். அப்போது நீங்கள் ஒரு சொல்லும் குத்திக் கதைக்கவில்லை. சோறு குழைத்துக் கொண்டுவந்து தந்தீர்கள்.

நேற்று எழும்பும்போது அந்தப் பிள்ளை கேட்டது: "வகுப்புக்குப் போனவையை மட்டும் கேட்டு என்ன செய்யிறது, அன்ரி? போகாத ஆக்களும் வேணும். ஆரையும் தெரியுமே?"

எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. புது மருந்தை ஊரே புகழ்ந்த வருசம், உங்கள் தோட்டத்தில் ஒரு பாத்திக்கு மட்டும் அதை அடிக்காமல் விட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். "அடிச்ச பாத்தியை மட்டும் பாத்திட்டுக் கதையாதை, பிள்ளை. அடிக்காதது என்ன சொல்லுதெண்டும் பார்."

அடிக்காத பாத்தி உங்கள் மகன்தான், அக்கா.

அந்தப் பிள்ளைக்கு "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். கண்மூட முன்னம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது: அவன் மறியலுக்குப் போனது கொடிகாமத்துச் சம்பந்திகளுக்குத் தெரியாது, யாருக்கும் சொல்லாதே, அவனிடமும் அந்தக் கதையை எடுக்காதே. முருகனைச் சாட்சி வைத்து ஓம் என்றேன். இன்னொன்றும் மறைக்காமல் சொல்லவேண்டும். என் பிள்ளையைத் தூக்கிவிட்ட வகுப்பு நல்லது என்றே முடிவு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வகுப்பில்லாமலே திருந்திய உங்கள் மகனைச் சேர்த்தால் அந்த நல்ல பேர் கொஞ்சம் குறையும். அதனால் வாயை மூடியிருப்பது எனக்கு லேசு. லேசாக இருப்பதால்தான் பயமாக இருக்கிறது.

பேரில்லாமல் எழுதலாம் என்று அந்தப் பிள்ளை சொல்கிறது. அவள் வியாழக்கிழமை திரும்பி வருவாள். அதற்கு முன்னம், செவ்வாய்க்கிழமை கோயிலால் வரும்போது தோட்டத்துக்குப் போய் உங்கள் மகனையே கேட்கலாம் என்றிருக்கிறேன். சொல்வதா விடுவதா என்பது அவனுடைய விருப்பம். ஆனால் அவனிடம் அந்தக் கதையை எடுக்க எனக்கு உங்கள் உத்தரவு வேண்டும்.

கனவிலோ சாமி அறையிலோ, எப்படியாவது ஒரு பதில் சொல்லுங்கோ, அக்கா. செவ்வாய்க்கு முன்னம்.