படிவத்தில் புதுசாய் ஒரு கட்டம்

ஷிபெனிக்
ஆகஸ்ட் 27

என் செல்ல மகள் யகோடாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் தம்பி ஷிமேயும் சுகம், அவன் சுகமாக இருப்பதே எனக்கு இப்போது பெரிய விஷயம், ஏன் என்று சொல்கிறேன். பெர்த்தில் குளிர் விட்டதா? அம்மா அத்திப்பழ ஜாம் கிண்டி ஜாடி ஜாடியாக அடுக்கிவிட்டு, உனக்கு அனுப்ப முடியவில்லையே என்று என்னைத் திட்டுகிறாள், உங்கள் ஊர் சுங்கத்துக்கு நான்தான் அதிகாரி போல.

நீயும் என்னைப் போலவே அறிவிப்பு எழுதும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் "அப்பா, நான் ஒரு எண்ணைத் தப்பா அடிச்சு யாராவது செத்துட்டா?" என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தோரு வருஷமாக விமானிகளுக்கு எச்சரிக்கை அறிவிப்பு எழுதுகிற உன் அப்பன் என்ன செய்தான் என்று கேள். புனித ரோக்கு திருவிழாவுக்குப் பாராசூட் குதிப்பவர்களின் சங்கம் விண்ணப்பம் அனுப்பியது, பதினான்கு முதல் பதினாறு மணி வரை விரிகுடா மேல் குதிப்பு. இந்த ஊரில் எவன் எழுதினாலும் உள்ளூர் நேரம்தான் எழுதுவான், நாம்தான் அதிலிருந்து இரண்டு மணியைக் கழித்து உலகப் பொது நேரமாக்குவோம். கை பழகிப்போச்சு, கழித்தேன். ஆனால் சங்கத் தலைவர் ஃப்ரானே பழைய விமானி, மனுஷர் ஏற்கெனவே கழித்துத்தான் எழுதியிருந்தார். இரண்டு தடவை கழித்த அறிவிப்பு உலகத்துக்கே போய்விட்டது.

திருவிழா அன்று எனக்கு விடுமுறை. கடற்கரையில் அம்மாவோடு நின்று ஷிமே குதிப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்கடிகாரம் எப்போதும் பொது நேரத்தில்தான் ஓடும், அதற்காக உன் அம்மா முப்பது வருஷமாக என்னைக் கரித்துக்கொட்டுவது உனக்குத் தெரியும், பூசைக்குப் பிந்துகிறேனாம், சாப்பாடு ஆறிப்போகிறதாம். சும்மா மணி பார்த்தேன். பதினான்கு பத்து. நான் எழுதிய அறிவிப்போ பதினான்கோடு முடிந்தது. என் பிள்ளை தொங்குகிற வானம் காலி என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே நேரம் மலைப்பக்கம் காட்டுத்தீ, தண்ணீர் மொள்ளத் தீயணைப்பு விமானம் விரிகுடாவுக்குத்தான் வரும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, பெயரைச் சொல்லி, என் அறிவிப்பு தப்பு, ஆள்கள் வானத்தில் இருக்கிறார்கள், விமானத்தைத் திருப்புங்கள் என்றேன். தீவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட மஞ்சள் விமானம் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் மேலதிகாரி வெத்ரான், உன் ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, சங்கம் குழப்பிவிட்டது என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். தப்பு செய்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் பணியிலிருந்து நிறுத்தி, விசாரித்து, திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது படிவத்தில் புதுசாய் ஒரு கட்டம் இருக்கிறது, எழுதியது உள்ளூர் நேரமா பொது நேரமா என்று டிக் அடிக்காமல் யாரும் அனுப்ப முடியாது. பையன்கள் அதற்கு என் பெயரையே வைத்துக் கிண்டல் அடிக்கிறார்கள், அடிக்கட்டும்.

தப்பு வருமா என்று கேட்காதே, ஒருநாள் வரும். வந்த நிமிஷம் போனை எடு, பிறகு உன் பெயரை எழுது, அழுகையெல்லாம் அதற்கப்புறம். அப்படித்தான் ஷிமேயைக் கட்டிக்கொண்டு அழுதேன், விஷயம் தெரியாத அந்தக் கழுதை, "என்னப்பா, அவ்வளவு அழகாவா குதிச்சேன்?" என்கிறான்.

அலுவலகத்தில் உடனே சொன்னவனுக்கு உன் அம்மாவிடம் சொல்லப் பத்து நாள் பிடித்தது. தள்ளி நின்று பேசிய அந்தப் போனை அலுவலக வேலை என்றும், வீட்டில் இருந்த அந்த வாரத்தை விடுப்பு என்றும் மழுப்பியிருந்தேன். நேற்றுதான் சொன்னேன். மீன் குழம்பைக் கிளறியபடி கேட்டாள், அடுப்பை அணைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இந்தக் கடிகாரத்த மாத்தச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், தைரியமாக இரு.

உன் அப்பா,
தீஹோமிர்