கயிற்று விரிப்பில் கால் தடம்

ஓசூர்
9-1-1957

பகவதிக்கு,

நான் சுகம். உனக்கு உடம்பு எப்படி? அம்மாவின் இருமல் நின்றதா என்று எழுது.

இங்குள்ள கிளப்புக்கு நம் கயிற்று விரிப்பை விற்றேன் அல்லவா, அதன்மேல்தான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெங்களூர்க் கிளப்புகளையும் வாங்கச் சொல்வதாகச் செக்ரட்டரி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சான் ஆட வந்தவுடனே அவுட்டாகிவிட்டான்.

"அண்ணாச்சி, உங்க விரிப்புதான் காலை வாருது. எங்க மச்சான் மாதிரி ஆடறவன் இந்தத் தாலூக்காவுலயே இல்ல" என்றார் செக்ரட்டரி.

மச்சான் இடதுகைக்காரன். அவன் மட்டும் நிற்கிற பக்கத்தில், வாராவாரம் அவன் காலை இழுத்து இழுத்து ஆடியதில் கயிறு ஒரு சாண் பிய்ந்திருந்தது. மறுபக்கத்தில் தபால்காரர் ஆஞ்சப்பன் ஒன்றரை மணி நேரம் ஆடியும் ஓர் இழை அறவில்லை. குனிந்து காட்டினேன்.

"பந்தைப் பத்தி எனக்குத் தெரியாது. காலைத் தூக்கி வச்சு ஆடுதவரு ஆஞ்சப்பன்தான்" என்றேன்.

"அண்ணாச்சிக்கு அம்பயர் கோட்டைப் போடுங்கடா" என்று கூட்டம் சிரித்தது. செக்ரட்டரி சிரிக்கவில்லை. பெங்களூர் வியாபாரம் போயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் நம் சரக்கைக் குறை சொன்னால் பொறுக்கவில்லை.

மீதி விரிப்புகளைக் கிருஷ்ணகிரி, பர்கூர் என்று அலைந்துதான் விற்க வேண்டும். பொங்கலுக்கு வர முடியாது. சரக்கு வரத் தாமதம் என்று அம்மாவிடம் சொல்.

குளிர் அதிகம், என் கம்பளிச் சட்டையை அனுப்பு. முட்டுக்குத் தேய்க்கும் தைலமும் ஒரு குப்பி வை. நேற்றுச் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன், இடது குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. நானும் காலை இழுத்துத்தான் நடக்கிறேன் போலிருக்கிறது.

ஆஞ்சப்பன் பையோடு வாசலில் நிற்கிறார். தைலத்தை மறந்துவிடாதே.

தாணுமூர்த்தி