குளிர்ப் பக்கத்துப் புள்ளி

இன்று காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடந்தது. தக்கலையில் எப்போதாவது மார்கழியில் இப்படி ஆகும். வெயிலில் கொண்டு வைத்தபோது உன் ஞாபகம் வந்தது, மக்கா.

சுனாமிக்கு அடுத்த வருஷம். திருவனந்தபுரத்தில் நீ ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கும் முன்பே, கல்யாணம் பேசவென்று உன்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அடுக்களையில், உன் அண்ணன் பெண்சாதியான எனக்குத் தேங்காய் துருவித் தந்துகொண்டே சொல்லுவாய்: ராக்கெட்டுக்குள் இருக்கும் திட எரிபொருள் சூடாக இருந்தால் வேகமாக எரியும், குளிர்ந்திருந்தால் மெதுவாக எரியும். சாதாரணத் தீ இல்லாமல், மின்சாரத்தால் மின்னல்போல ஒரு சூட்டைப் பாய்ச்சிப் பற்றவைத்தால் அந்த வித்தியாசம் குறையும் என்பது உன் எண்ணம். அந்தச் சூட்டுக்குப் பிளாஸ்மா என்று பெயர்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக் கணக்கு எழுதுகிற கண்ணால்தான் உன் வரைபடத்தைப் பார்த்தேன். சாதாரணத் தீயின் கோடு, சூடு கூடக் கூடச் செங்குத்தாக ஏறியது. பிளாஸ்மாக் கோடு அவ்வளவு ஏறவில்லை. ஆனால் குளிர்ப் பக்கத்தில் அது பாதியிலேயே நின்றது. ஏனென்று கேட்டேன்.

"அந்த முனைய இன்னும் எரிச்சுப் பாக்கல மைனி. அதுக்குத்தான் திரும்பப் போணும்."

நம் வீட்டில் எதையும் நேருக்கு நேர் பேசுவதில்லையே. சாயங்கால ஜெபத்தில் கண்ணை மூடிக் கர்த்தரிடம் சொல்லுவோம். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அன்று உன் அம்மை, என் மாமி, வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு நல்ல புத்தி கொடும் என்று ஜெபித்தார்கள். அடுத்து உன் முறை.

"ஆண்டவரே, ஒரு மாசம் போதும். எங்க அம்மைக்க மனச இளக்கும். இளகலேன்னா பிளாஸ்மா வச்சுப் பத்தவையும்."

உன் அண்ணன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். மாமி சிரிக்கவில்லை. மறுபடியும் ஜெபத்தைக் கையில் எடுத்து, தை மாதம் குறித்த கல்யாணத் தேதிக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். தேதி குறித்ததே உனக்கு அப்போதுதான் தெரியும். ஆமெனுக்கு அப்புறம் நம் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. எல்லாரும் ஆமென் சொன்னோம். நீயும் சொன்னாய்.

மார்த்தாண்டத்துக்குக் கட்டிக்கொண்டு போன மூன்றாம் வருஷம் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அந்த முனையை இதற்குள் எங்கேயாவது யாராவது எரித்துப் பார்த்திருப்பார்கள். கேட்க எனக்கு ஆளில்லை. ஜெபத்தில் என் முறை வரும்போது பிள்ளைகளின் சுகத்துக்கும் ஆகாரத்துக்கும் நன்றி சொல்கிறேன். பிறகு, அந்த முனை எரிந்ததா என்ற கேள்வி நாக்குவரை வந்து நின்றுவிடும். மாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆமென் என்கிறார்கள்.