சும்மா உட்காரப் போன சனிக்கிழமை

எனக்கு முந்திப் பிறந்து, முந்தியே கிளம்பிவிட்ட என் அக்காவுக்கு,

பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் படித்த ஐந்தாம் வகுப்பு உனக்கு எழுதப் போதும்.

போன சனிக்கிழமை செண்பகத்தோப்புக்குப் போனேன். நீ மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தனியாகப் போய், ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவாயே, அங்கேதான். "அடுப்படியைப் போட்டுட்டுக் காட்டுல போய் உக்காந்தா சோறு வெந்துருமா?" என்று உன்னை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். "நீயும் ஒரு நாள் வா ஏட்டி" என்பாய். அதற்கு மேல் வற்புறுத்தமாட்டாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, "செத்த நேரம் எங்கூட உக்காரு" என்று என் கையைப் பிடித்தாய். ராஜபாளையம் பஸ் போய்விடும், மாவு ஆட்டவில்லை என்று கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் நீ இல்லை. பதினாறாம் நாள் வரைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டேன். அழக்கூட நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நேரமா இல்லை? உட்கார்ந்தால் உன் கை ஞாபகம் வந்துவிடுமே என்ற பயம்.

ஒரு வருசம் அப்படியே ஓடினேன். உன் வருசத் திதி முடிந்த பிறகுதான், போய்த்தான் பார்ப்போமே என்று துணிந்தேன். அப்போதும் கை சும்மா இருக்கக்கூடாதென்று இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஓடைக்கரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். வனத்துறைக்காரர் ஒருவர் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஆச்சி, இங்க கல்யாணப் பந்தியா? பையைக் கீழ வைக்காதீய, குரங்கு தூக்கிரும்."

"தூக்கிட்டுப் போய் கொழம்பா வைக்கப் போகுது?" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, பை மரத்தில் இருந்தது. குரங்கு ஒரு வெங்காயத்தைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தது. ஆனாலும் பையைத் தரவில்லை.

உரிக்க ஒன்றுமில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீ வந்துவிட்டாய். அழுதேன் அக்கா. கையை உருவிக்கொண்டு ஓடியதை வாய்விட்டு உன்னிடம் சொன்னேன். நீ கேட்டாயா? அழுது ஓய்ந்த பிறகுதான் ஓடைச் சத்தமே காதில் விழுந்தது. ஒரு வருசத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் முழுமூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பேத்தி சொல்கிறாள், "அப்பத்தா, நான் வச்ச சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு. மோர் ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டோம்." நான் இல்லாவிட்டால் வீடு பட்டினி கிடக்கும் என்றல்லவா இருந்தேன். கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது. நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது மருமகளைப் பார்க்கிறேன். நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். மம்சாபுரத்தில் அவள் அம்மா படுக்கையில் கிடக்கிறாள். போன் வந்தால், "வேலை கிடக்கும்மா, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாள். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதும் இதேதானே.

இந்தச் சனிக்கிழமை அடுப்படியை நான் பார்த்துக்கொள்வேன். மருமகளை மம்சாபுரத்துக்கு பஸ் ஏற்றி, பொழுது சாயும்வரை அம்மா பக்கத்திலேயே இரு, வேறெதுவும் செய்யாதே என்று சொல்லி அனுப்புவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு அக்கா.

உன் மடியில் வளர்ந்த தங்கச்சி,
ராஜபாளையத்திலிருந்து.